பறவைப் படத்துக்கு வரும் விமர்சனத்தை அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவது எப்படி?

பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்பவர் தம் படத்தைப் பிறரிடம் காட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்கள் சிலதான்: ‘கூர்மை போதவில்லை’, ‘பின்புலம் குழப்பமாக இருக்கிறது’, ‘வெள்ளை வெளுத்துப்போய்விட்டது’, ‘இன்னும் கொஞ்சம் தாழ்ந்து எடுத்திருக்கலாம்’. பார்ப்பவரின் கண்ணுக்கு என்ன உறுத்துகிறது என்பதை இவை சொல்கின்றன. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சொல்வதில்லை. ‘கூர்மை போதவில்லை’ என்ற ஒரே கருத்துக்குப் பின்னால் ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலே (ஒளி பதியும் நேரத்தைக் குறைத்தாலே) போதும் என்ற நிலையில் புதிய லென்ஸ் வாங்குவோரும், லென்ஸில் உண்மையாகவே கோளாறு இருக்கும்போது தம் கை நடுக்கத்தை நொந்துகொள்வோரும் உண்டு. ஆகவே கருத்தை வாங்குவது பாதி வேலைதான். அதன் காரணத்தைப் படத்திலேயே தேடிக் கண்டுபிடித்து, அடுத்த முறை களத்தில் எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வது மாணவரின் பொறுப்பு. அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் படி: கேட்கும் முறையைச் சரிசெய்தல்

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ஒரு படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதனுடன் நான்கு செய்திகளைச் சேர்த்துக் கொடுங்கள்: எதைக் காட்ட விரும்பி எடுத்தீர்கள், பறவை ஏறத்தாழ எவ்வளவு தொலைவில் இருந்தது, ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆகியவை என்ன, மூலப் படத்தில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். கடைசிச் செய்தியைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். முழுச் சட்டகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் விமர்சகர், ‘கூர்மை இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘பறவை இந்தத் தொலைவில் இருக்கும்போது இந்த அளவுக்கு வெட்டக்கூடாது’ என்று உருப்படியாகச் சொல்ல முடியும்.

கேள்வியும் குறுகலாக இருக்கட்டும். ‘மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும் வேகம் இதில் தெரிகிறதா, இறகு நுனி மங்கியிருப்பது கெடுக்கிறதா?’ என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு தரத்தில் இருக்கும். யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். படக்கலை தெரிந்தவர் ஒளியையும் அமைப்பையும் பார்ப்பார். பறவைகளை நெடுநாள் கவனித்து வருபவர், பறவை இயல்பாக இருந்ததா, மிரண்டிருந்ததா என்பதைப் பார்ப்பார். இரு வகையினரும் தேவை. இவர்களில் பறவையாளரின் கருத்தைத்தான் மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளுதல்

கருத்து வந்தவுடன் விளக்கம் கொடுக்கத் தோன்றும்: வெளிச்சம் குறைவாக இருந்தது, பறவை ஒரு நொடிதான் உட்கார்ந்தது, முள்வேலி தடுத்தது. இவை உண்மையாகவே இருந்தாலும் படத்துக்குள் இல்லை. படம் பார்ப்பவருக்கு அவை தெரிய வேண்டியதும் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஒரு நாள் கழித்துப் படியுங்கள். அப்படிப் படிக்கும்போது ஒவ்வொரு கருத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம். ‘என் கண் பறவையை விட்டு வலப்பக்கக் கிளைக்குப் போகிறது’ என்பது ஒருவர் கண்டதைச் சொல்வது. ‘அபெர்ச்சரை இன்னும் திறந்திருக்க வேண்டும்’ என்பது அவர் பரிந்துரைக்கும் மருந்து. கண்டதைச் சொல்லும் பகுதி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் அவர் கண் அங்கே போனது நடந்த செய்தி. மருந்து சரியா என்பதைச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். அந்தக் கிளை பறவைக்கு ஒட்டினாற்போல் இருந்திருந்தால் அபெர்ச்சரை எவ்வளவு திறந்தாலும் அது மறைந்திருக்காது.

மூன்றாம் படி: காரணத்தைப் படத்திலேயே தேடுதல்

வெட்டியும் திருத்தியும் வைத்த பிரதியை விட்டுவிட்டு, கேமரா பதிவு செய்த ரா கோப்பை (திருத்தப்படாத மூலப் பதிவை) திறந்து 100 சதவீத அளவில் பாருங்கள். கூர்மை பற்றிய கருத்துதான் அதிகம் வருவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படத்தில் எங்காவது ஏதாவது கூர்மையாக இருக்கிறதா என்பது. பறவைக்குப் பின்னாலுள்ள இலையோ முன்னாலுள்ள புல்லோ தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கியிருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. மார்பின் இறகுகள் தெளிவாக இருந்து கண் மட்டும் மங்கலாக இருந்தாலும் அதே பிழைதான், அளவுதான் சிறியது. நீண்ட லென்ஸ்களில் கூர்மையாகத் தெரியும் ஆழம் எவ்வளவு குறைவு என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை. பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 500 மி.மீ. லென்ஸின் அபெர்ச்சரை எஃப் 5.6-இல் வைத்து 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை எடுத்தால் அந்த ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ.; அதே பறவை 5 மீட்டர் தொலைவில் இருந்தால் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. நம்மை நேராக நோக்கி உட்கார்ந்திருக்கும் பறவையின் அலகு நுனியும் தோளும் இந்த 3 செ.மீ.க்குள் அடங்குவது கடினம். இதற்குத் தீர்வு, ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின்மேல் வைப்பதும், உங்கள் கேமராவில் பறவையின் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்கிவைப்பதும், தேவைப்பட்டால் அபெர்ச்சரைச் சுருக்கி எஃப் 8 வரை போவதும், பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பதும் ஆகும். அசையும் பறவைக்குத் தொடர் ஃபோகஸ் முறையைப் பயன்படுத்தியிருந்தீர்களா என்பதையும் கோப்பிலுள்ள பதிவுத் தகவலில் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டகம் முழுவதும் எதுவுமே கூர்மையாக இல்லாமல், எல்லா விளிம்புகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், கேமரா அசைந்திருக்கிறது. பறவையின் கண்ணிலுள்ள ஒளிப்புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது புள்ளியாக இல்லாமல் குட்டிக் கோடாகத் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. லென்ஸின் குவியத் தொலைவுக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்ற பழைய விதியின்படி 400 மி.மீ. லென்ஸுக்கு 1/400 வினாடியும், 1.5 மடங்கு பெருக்கம் உள்ள சிறிய சென்சார் கேமராவில் 1/600 வினாடியும் குறைந்தபட்சம். இன்றைய அதிக மெகாபிக்சல் சென்சார்கள் சிறு நடுக்கத்தையும் காட்டிக்கொடுப்பதால், கற்றுக்கொள்ளும் காலத்தில் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. லென்ஸிலுள்ள நடுக்கத் தடுப்பு வசதி நம் கை அசைவைத்தான் ஈடுகட்டும், பறவையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பறவையின் அசைவு தனி வகை. கிளை தெளிவாக இருந்து தலையோ இறக்கையோ மட்டும் மங்கியிருந்தால், ஷட்டர் வேகம் பறவைக்குப் போதவில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 வினாடி பெரும்பாலும் போதும். பறக்கும் பெரிய பறவைக்கு 1/1600 அளவிலும், சிட்டு போன்ற வேகமாகச் சிறகடிக்கும் சிறு பறவைகளுக்கு 1/3200 அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். கண்ணும் தலையும் தெளிவாக இருந்து இறக்கை நுனி மட்டும் மங்குவது சில படங்களில் அழகு சேர்க்கும். அதை ஒருவர் குறையாகச் சொன்னால், நீங்கள் விரும்பி அப்படி எடுத்தீர்களா, தற்செயலாக நேர்ந்ததா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இறகுகள் நெளிந்ததுபோல், எண்ணெய் பூசியதுபோல் தெரிந்தால் வெப்பக் காற்றைச் சந்தேகிக்கலாம். சூடான தரைக்கோ மணலுக்கோ மேலாக, தொலைவிலுள்ள பறவையை எடுக்கும்போது இது நேரும். தொடர்ச்சியாக எடுத்த படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் விளிம்பு வேறுவிதமாக நெளிந்திருக்கும். இதைக் கேமராவின் எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. அதிகாலையில் போவதும், பறவைக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவு தானாகக் குறையும் இடத்தில் காத்திருப்பதும்தான் வழி.

இன்னொரு காரணம், அளவுக்கு மீறிய வெட்டு. 6000 × 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் கால்பங்கை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 1500 × 1000 பிக்சல், அதாவது 1.5 மெகாபிக்சல். இறகின் நுண்கோடுகளை அதில் எதிர்பார்க்க முடியாது. கருவியைக் குறை சொல்வதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸின் முன்னுள்ள பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அசையாத அச்செழுத்துப் பக்கம் ஒன்றைப் பலமுறை படமெடுங்கள். ஃபோகஸ் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகினால் மட்டுமே லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம்.

ஒளியளவு பற்றிய கருத்துகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். கேமராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட நீர்ப்பரப்பின் முன் நிற்கும் வெண்கொக்கு வெளுத்துப்போவதும், வெளிறிய வானத்தின் முன் அமர்ந்த காகம் கரிய நிழலாவதும் இதனால்தான். முதலாவதற்கு ஒளியளவை ஒரு ஸ்டாப் அளவுக்கு (அதாவது பாதியாக) குறைத்தும், இரண்டாவதற்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டியும் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளுத்த பகுதியில் எந்தத் தகவலும் பதிவாகியிருக்காது என்பதால் திருத்தும் மென்பொருளில் அதை மீட்க முடியாது; இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம், ஆனால் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் கூடும். ‘சிவப்பு அப்பியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் பொதுவான ஹிஸ்டோகிராமை (ஒளியளவின் பரவலைக் காட்டும் வரைபடத்தை) மட்டும் பார்த்துவிட்டு மறுக்காதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மொத்த ஒளியளவு சரியாக இருக்கும்போதே சிவப்பு அலைவரிசை மட்டும் எல்லையைத் தாண்டி, சிவந்த மார்பின் இறகு விவரங்கள் அழிந்திருக்கலாம்.

நான்காம் படி: கால்களால் திருத்த வேண்டியவை

பின்புலம், கோணம், தலையின் திருப்பம் பற்றிய கருத்துகளுக்குக் கேமரா அமைப்புகளில் விடை தேடுவது வீண். இங்கே மாற வேண்டியது நாம் நிற்கும் இடம். நீண்ட லென்ஸ் பின்புலத்தில் மிகக் குறுகிய பகுதியையே காட்டுவதால், நாம் சிறிது நகர்ந்தாலும் அது பெரிதும் மாறிவிடும். பறவை 10 மீட்டரிலும் பின்னாலுள்ள புதர் 30 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 600 மி.மீ. லென்ஸில் முழுச்சட்டக் கேமரா அந்தப் புதரில் காட்டுவது 1.8 மீட்டர் அகலம் மட்டுமே. நாம் அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பறவையை மறுபடி அதே இடத்தில் வைத்தால், பின்புலம் ஒரு மீட்டர் விலகிவிடும்; அதாவது பாதிக்கு மேல் புதிய பின்புலம். தலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வெளிறிய குச்சி காணாமற்போக இந்த அரை மீட்டர் போதும். ஆகவே இத்தகைய கருத்து வரும்போது, ‘நான் எந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் இது மறைந்திருக்கும்?’ என்று படத்தைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மெல்ல நகர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பறவை அந்த அரை மீட்டருக்கு இடம் கொடுக்காமல் பறந்துவிடுவதும் உண்டு.

‘தாழ்ந்து எடுக்கவும்’ என்ற கருத்தும் இப்படித்தான். நீர்க்கரையில் மேயும் பறவையை நின்றபடி எடுத்தால் அதன் முதுகும் சேறும்தான் தெரியும். தரையோடு தரையாகப் படுத்தால் பறவையின் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறோம், பின்புலமும் தொலைவுக்குப் போய் மென்மையாகிவிடுகிறது. தலை நம் பக்கம் சற்றே திரும்பியிருக்கும் கணத்தைப் பிடிப்பது பொறுமை சார்ந்தது. தொடர்ச்சியாக எடுத்த படங்களுள் அந்தக் கணம் இருந்தும் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று திரும்பிப் பாருங்கள். அப்படி இருந்தால் குறை படமெடுத்ததில் இல்லை, தேர்வு செய்ததில் இருக்கிறது. இறக்கை நுனி வெட்டுப்பட்டது என்றால், ஜூம் லென்ஸில் 600-இலிருந்து 400 மி.மீ.க்கு வந்து பறவையைச் சுற்றி இடம் விட்டுப் பழகுங்கள்.

திருத்தத்தில் நேரும் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறவையின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிவது கூர்மையாக்கும் கருவியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால். இறகு மெழுகுபோல் வழுவழுப்பாவது புள்ளி நீக்கத்தை அதிகம் செய்ததால். கோப்பைத் திறந்து அளவைக் குறைத்தால் முடிந்தது. கிளையை அழித்தது பற்றிய கருத்து மட்டும் வேறு இனம். அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி., பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் ஆகிய மூன்றும் இயற்கைப் புகைப்படப் போட்டிகளுக்கு ஒரே வரையறையை வைத்திருக்கின்றன. அதன்படி படத்தை வெட்டலாம், சென்சாரின் தூசிப் புள்ளியை நீக்கலாம், ஆனால் காட்சியில் இருந்த பொருளை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. சுவரில் மாட்டுவதற்கான படத்துக்கு இந்த விதி கட்டாயமில்லை என்றாலும், செய்ததைக் கேட்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பறவையின் சார்பில் வரும் விமர்சனம்

‘இது கூடு அல்லவா, ஏன் இவ்வளவு அருகே போனீர்கள்?’ என்ற கேள்வி ஒரு மாணவரை மற்ற எந்தக் கருத்தையும்விட அதிகமாகச் சுடும். எனினும் வேறெதற்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான். படம் நன்றாக வந்திருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்து, பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆராயுங்கள். அலகில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் நெடுநேரம் அருகிலேயே காத்திருந்ததா, இடைவிடாமல் எச்சரிக்கைக் குரல் எழுப்பியதா, உப்புக்கொத்தி போன்ற தரையில் கூடு கட்டும் பறவை இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து உங்களை வேறு திசைக்கு இழுத்ததா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் நீங்கள் அதன் எல்லைக்குள் இருந்திருக்கிறீர்கள். படம் தெளிவாக வருவதற்காகக் கூட்டை மறைத்த இலைகளை விலக்குவது, வேட்டையாடும் உயிர்களுக்கும் வெயிலுக்கும் குஞ்சுகளைத் திறந்துவிடுவதாகும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பது, இனப்பெருக்கக் காலத்தில் அது இல்லாத எதிரியை விரட்டிக் களைத்துப்போகச் செய்யும்.

இத்தகைய கருத்து வந்தால் செய்ய வேண்டியவை தெளிவானவை: அந்த இடத்துக்கு அந்தப் பருவத்தில் மீண்டும் போகாதிருத்தல், கோப்பில் பதிந்துள்ள இட விவரத்தை நீக்குதல், படத்தைப் பரப்பாதிருத்தல். கூட்டருகே போவதால் எடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. பறவைப் புகைப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தையின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தார்.

ஆறாம் படி: எதை ஏற்பது, எதை விடுவது

இருவர் எதிரெதிராகச் சொல்வதுண்டு. ஒருவர் பறவையை இன்னும் பெரிதாகக் காட்டச் சொல்வார், மற்றவர் அதன் வாழிடம் தெரிய வேண்டும் என்பார். இருவருமே சரியாக இருக்கலாம். அவர்கள் மனத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு படங்கள். இங்கே உங்கள் குறிக்கோள்தான் தீர்ப்பு சொல்லும், அதனால்தான் அதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஆனால் ஒருவரையொருவர் அறியாத மூவர் படத்தின் ஒரே மூலையைச் சுட்டினால், காரணம் புரியாவிட்டாலும் அங்கே ஏதோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். ‘சட்டகத்தின் நடுவில் பறவையை வைக்கவே கூடாது’ என்பதுபோன்ற கட்டளைகளைப் பொறுத்தவரை, அந்தப் படத்தில் அது எதைக் கெடுத்தது என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் வந்தால் அது பாடம், வராவிட்டால் அதை ஒதுக்கி வைக்கலாம். பாராட்டையும் இதே கேள்வியால் சோதிப்பது நல்லது. ‘அருமை’ என்பவரிடம் எது பிடித்தது என்று கேட்டால், நீங்கள் கவனிக்காமலே சரியாகச் செய்த ஒன்று வெளிப்படக்கூடும்.

ஏழாம் படி: ஒரு கருத்து, ஒரு பயிற்சி

காரணம் தெரிந்த பிறகு அதை அடுத்த முறை களத்தில் செய்யப்போகும் ஒரே ஒரு மாற்றமாக எழுதுங்கள். ‘கூர்மையாக எடுக்க வேண்டும்’ என்பது பயிற்சி ஆகாது. ‘பறக்கும் பறவை எதையும் 1/2000-க்குக் குறைவான வேகத்தில் எடுக்கமாட்டேன், ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை’ என்பது பயிற்சி. ஒரே நாளில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமற்போகும். பயிற்சிக்கு அரிய பறவைகளைத் தேடி அலைய வேண்டாம். புறா, காகம், நீர்க்கோழி போன்ற எப்போதும் காணக்கூடிய, மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத பறவைகள்தான் சிறந்த ஆசிரியர்கள். ஒரே செயலை அவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும், நமக்கும் இன்னொரு வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

தேறாத படங்களை உடனே அழித்துவிடாமல் குறையின் பெயரிலேயே அடைவுகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் சிலவற்றைச் சேர்த்து வையுங்கள். சில மாதங்களில் எந்த அடைவு வீங்குகிறது என்பது வெளியாரின் கருத்து இல்லாமலே உங்கள் பழக்கத்தைக் காட்டிவிடும்.

புதிய படம் கிடைத்ததும், முதலில் கருத்துச் சொன்ன அதே நபரிடம் பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டி, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். தம் சொல்லை ஒருவர் செய்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால், பெரும்பாலோர் அடுத்த முறை இன்னும் நேரம் செலவிட்டுப் பார்ப்பார்கள். இதற்கிடையில் மற்ற மாணவர்களின் படங்களுக்கு நீங்களும் கருத்துச் சொல்லிப் பழகுங்கள், ஆனால் ‘நன்று’, ‘சுமார்’ என்ற சொற்களை விலக்கிவிட்டு, உங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எந்த இடத்தில் தடுமாறியது என்று மட்டும் எழுதுங்கள். காரணம் தெரியாதபோது ஊகித்துச் சொல்லாமல், ரா கோப்பையும் முழுச் சட்டகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.